பத்துக்கு எட்டு முறை ஏறிய மாதம்: பங்குச் சந்தையின் பருவகாலப் போக்கைச் சோதித்துப் பார்க்கும் முறை

"இந்தப் பங்கு கடந்த 10 வருடத்தில் 8 முறை இதே மாதத்தில் ஏறியிருக்கிறது, வாங்கலாமா?" அட்டவணை ஒன்றைக் காட்டி இப்படிக் கேட்டவர்களோடு உட்கார்ந்து பல முறை கணக்குப் போட்டிருக்கிறேன். சூத்திரம் தெரியாமல் தடுமாறியவர்கள் குறைவு. வரிசை மாறித்தான் பலரும் சறுக்கினார்கள். அட்டவணையை முதலில் பார்த்துவிட்டு, அதற்குத் தோதான கேள்வியைப் பிறகு தயாரித்தார்கள். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் போக்கு (வருடா வருடம் ஒரே காலத்தில் விலை ஏறுவதாகவோ இறங்குவதாகவோ தெரிவது) தேறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மிச்ச வேலை தேவையில்லை.

கையில் இருக்க வேண்டியவை: குறைந்தது 20 வருட மாத இறுதி விலை (ஈவுத்தொகை, போனஸ், பங்குப் பிரிப்பு எல்லாம் சரிக்கட்டியது), அதே காலத்துக்கான சந்தைக் குறியீட்டின் விலை, எக்செல் போன்ற ஏதாவது ஒரு ஷீட், தேதி போட்டு எழுத ஒரு நோட்டு. 10 வருட டேட்டாதான் கிடைக்கிறது என்றால் தொடங்க வேண்டாம் என்பேன். ஏன் என்பது 5-ஆம் படியில் தெரியும்.

1. டேட்டாவைத் திறக்கும் முன் கேள்வியை எழுதுங்கள்

நாலு வரி போதும். எந்தப் பங்கு அல்லது குறியீடு, எந்தத் தேதியில் வாங்கி எந்தத் தேதியில் விற்பது, எதோடு ஒப்பிடப் போகிறோம், இந்தப் போக்கை எங்கிருந்து தெரிந்துகொண்டோம்.

எழுதி வைக்காவிட்டால் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். "அக்டோபர் மாதம்" என்று தொடங்குவோம், அக்டோபர் சரியாக வராது. "அக்டோபர் 8 முதல் நவம்பர் 3 வரை" என்று மாற்றினால் அழகாக வந்துவிடும். ஒரு வருடத்துக்குள் தொடக்க நாள், முடிவு நாள் என்று ஜோடி சேர்த்தால் 66,000-க்கும் மேற்பட்ட இடைவெளிகள் கிடைக்கும். அத்தனையிலும் தேடினால் எந்தப் பங்குக்கும் பளபளப்பான ஒன்று அகப்படும். வினோதமான தேதிகளோடு வரும் போக்கைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நாலாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு மென்பொருள் 500 பங்குகளை அலசிக் கொடுத்த பட்டியலிலிருந்து எடுத்திருந்தால், அதை அப்படியே எழுதுங்கள். அந்த 500 என்ற எண் 6-ஆம் படியில் தேவைப்படும்.

எந்த நாள்காட்டி என்பதையும் முடிவு செய்யுங்கள். ரமலான் மாதம் ஆங்கில நாள்காட்டியில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். 10 வருடத்தில் மூன்றரை மாதத்துக்கு மேல் நகர்ந்துவிடும். அதை ஒட்டிய போக்கை ஏப்ரல், மே என்று பிரித்துத் தேடினால், இருந்தாலும் கண்ணில் படாது.

2. காரணத்தைச் சொல்லுங்கள், அதையும் சோதியுங்கள்

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தேதியில் விலையைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கவோ விற்கவோ கட்டாயம் யாருக்கு இருக்கிறது? வரி ஆண்டு முடிவதற்குள் நஷ்டத்தைப் பதிவு செய்ய விற்பவர், குறியீட்டில் பங்குகள் மாறும் நாளில் வாங்கியே தீர வேண்டிய, குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டு, சம்பளமும் ஓய்வூதியப் பணமும் வந்து சேரும் மாதத் தொடக்கம் போன்றவை பதில்கள். "பண்டிகைக் காலத்தில் விற்பனை கூடும், அதனால் பங்கு ஏறும்" என்பது பதில் ஆகாது. விற்பனை கூடும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், விலையில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகமாக விற்றால்தான் விலை நகரும். எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பது நாள்காட்டி பார்த்து வராது.

காரணம் கிடைத்தால், அது உண்மையானால் வேறு எங்கே தடயம் தெரிய வேண்டும் என்று யோசியுங்கள். ஜனவரிப் போக்கு நல்ல பாடம். ரோஸெஃப், கின்னி இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், 1904 முதல் 1974 வரை நியூயார்க் சந்தைப் பங்குகளுக்கு ஜனவரியில் சராசரியாகச் சுமார் 3.5 சதவீதமும் மற்ற மாதங்களில் அரை சதவீதத்துக்குக் குறைவாகவும் வருமானம் இருந்தது. எல்லாப் பங்குக்கும் சம எடை கொடுத்த கணக்கு அது. அதனால் சிறு நிறுவனங்களின் குரல்தான் அதில் உரக்கக் கேட்கிறது. டிசம்பரில் வரிக்காக விற்றுவிட்டு ஜனவரியில் திரும்ப வாங்குகிறார்கள் என்பது பிரபலமான விளக்கம்.

சரி, அப்படியானால் வரி ஆண்டு வேறு தேதியில் முடியும் நாடுகளில் ஜனவரி சாதாரணமாக இருக்க வேண்டுமே? பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 5-இல் முடிகிறது, ஆஸ்திரேலியாவில் ஜூன் 30-இல். பழைய டேட்டாவில் அங்கும் ஜனவரி உயர்ந்தே தெரிந்தது. கூடவே ஏப்ரலும் ஜூலையும் எழும்பின. ஆக வரி ஒரு பகுதிக் காரணம், முழுக் காரணம் இல்லை. இந்த மாதிரி அரைகுறை விடை வந்தால் கைவிட வேண்டியதில்லை. விளக்கம் வலுவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டு, பின்வரும் படிகளில் கண்டிப்பைக் கூட்டுங்கள்.

3. டேட்டாவைச் சுத்தம் செய்யுங்கள்

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு பங்குக்கு ஒரு குறிப்பிட்ட மாதம் ஆகவே ஆகாது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று போனஸ் (ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம்) கொடுத்த மாதம் அது. சரிக்கட்டாத விலையில் 50 சதவீத வீழ்ச்சியாகத் தெரிந்திருக்கிறது.

ஈவுத்தொகை இதைவிட நைசாக ஏமாற்றும். 3 சதவீத ஈவுத்தொகை கொடுக்கும் பங்கு, அதைப் பெறும் உரிமை நீங்கும் நாளில் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். நிறுவனம் வருடா வருடம் ஒரே மாதத்தில் கொடுத்தால், வெறும் விலையில் அந்த மாதம் நிரந்தர நோயாளி போலத் தெரியும். முதலீட்டாளர் கைக்குப் பணம் வந்திருக்கும், அட்டவணைக்கு அது தெரியாது.

குறியீட்டில் இன்று இருக்கும் பங்குகளை எடுத்து 20 வருடம் பின்னோக்கிப் போவது அடுத்த தவறு. இன்று இருப்பவை பிழைத்து வந்தவை. திவாலானவை, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை அதில் இல்லை. எல்லா மாதமும் இருந்ததைவிட நன்றாகத் தெரியும். பழைய உறுப்பினர் பட்டியல் கிடைக்காவிட்டால், தனிப் பங்குகளை விட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் சோதிப்பதே நேர்மை.

4. அடிப்படை விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

"8 முறை ஏறியது" என்பதைக் காசு சுண்டுவதோடு ஒப்பிடுகிறார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பில் 10-க்கு 8 அல்லது அதற்கு மேல் வருவதற்கு 5.5 சதவீதம்தான் சாத்தியம். அபூர்வமாகத் தெரியும்.

ஆனால் சந்தை காசு இல்லை. நீண்ட காலத்துக்கு எடுத்தால் அமெரிக்கக் குறியீடு ஏறக்குறைய 60 சதவீத மாதங்களில் ஏறியிருக்கிறது. 60 சதவீதம் என்று வைத்தால் 10-க்கு 8 அல்லது மேல் வரும் வாய்ப்பு 16.7 சதவீதம், அதாவது ஆறில் ஒன்று. எந்தப் போக்கும் இல்லாத மாதத்துக்கே ஆறில் ஒன்று.

ஆகவே முதலில் உங்கள் பங்கின் எல்லா மாதங்களையும் சேர்த்து எத்தனை சதவீதம் ஏறியது என்று எண்ணுங்கள். அந்த எண்ணோடுதான் உங்கள் மாதத்தை ஒப்பிட வேண்டும். சராசரி வருமானத்துக்கும் இதே விதிதான். மார்ச் மாதம் 1.5 சதவீதம் தருகிறது என்றால், மற்ற 11 மாதங்களின் சராசரி என்ன? அது 0.8 என்றால் நீங்கள் கண்டுபிடித்தது வெறும் 0.7. அதற்கு அப்புறம் அதே மாதத்தின் குறியீட்டு வருமானத்தையும் கழித்துப் பாருங்கள். பங்கின் தனிப் போக்கு என்று நினைத்தது சந்தை முழுவதற்கும் பொதுவான ஏற்றமாக இருக்கும். பலருடைய கண்டுபிடிப்பு இந்தக் கழித்தலோடு முடிந்துவிடுகிறது.

5. சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

20 வருடத்தின் எண்களையும் வரிசையாக எழுதுங்கள். சராசரி 2 சதவீதம் என்று வைப்போம். அதில் ஒரே ஒரு வருடம் 22 சதவீதம் ஏறியிருந்தால், அதை நீக்கியதும் மீதி 19 வருடத்தின் சராசரி 0.95-க்கு இறங்கிவிடும். மிக நல்ல வருடம், மிக மோசமான வருடம் இரண்டையும் நீக்கியும், இடைநிலை அளவை (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுத்தும் பாருங்கள். அக்டோபருக்கு இருக்கும் கெட்ட பெயரில் பெரும்பங்கு 1929, 1987, 2008 ஆகிய சில வருடங்களுடையது. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 22.6 சதவீதம் விழுந்தது. அப்படி ஒரு நாள் இருந்தால் சராசரி எந்த மாதத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது, அந்த நாளைப் பற்றித்தான் சொல்லும்.

அடுத்து, மற்ற மாதங்களோடு உள்ள வித்தியாசம் தற்செயல் இரைச்சலைவிடப் பெரியதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மாதத்தின் 20 வருமானங்களுக்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) எடுங்கள். அதை 20-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள். திட்ட விலக்கம் 5 சதவீதம் என்றால் விடை சுமார் 1.1 வரும். சராசரியில் அவ்வளவு ஆட்டம் தற்செயலாகவே இருக்கும் என்று பொருள். 4-ஆம் படியில் நமக்குக் கிடைத்ததோ 0.7. வித்தியாசம் இந்த ஆட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் பேச்சையே தொடங்கலாம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. 5 சதவீதம் ஆடும் மாதத்தில் 0.7 சதவீத வித்தியாசத்தை அந்த இரண்டு மடங்கு அளவுக்கு உறுதி செய்ய 200 வருடத்துக்கும் மேல் டேட்டா வேண்டும்! 10 வருட டேட்டாவை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

சிலர் இதைச் சமாளிக்கத் தினசரி டேட்டாவுக்கு மாறுகிறார்கள். "20 வருடம், மாதம் 21 வர்த்தக நாள், ஆக 420 பதிவுகள்" என்கிறார்கள். நீங்கள் கேட்டது மார்ச் மாதத்தைப் பற்றி, கையில் இருப்பது 20 மார்ச்தான். ஒரு மார்ச்சை 21 துண்டாக வெட்டினால் அது 21 மார்ச் ஆகிவிடாது.

ஆனால் போக்கே அடிக்கடி வருவதாக இருந்தால் நிலைமை வேறு. மாதத்தின் கடைசி வர்த்தக நாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாளும் சேர்ந்த மாதத் திருப்பப் போக்கு வருடத்துக்கு 12 முறை வருகிறது. திங்கள்கிழமைப் போக்கு ஏறக்குறைய 50 முறை வருகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் இப்படி அடிக்கடி வரும் போக்கில் தொடங்குவது நல்லது. ஆமா, இல்லை என்று ஏதாவது ஒரு விடையாவது தெளிவாகக் கிடைக்கும்.

6. எத்தனை இடத்தில் தேடினீர்கள் என்று எண்ணுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

4-ஆம் படியில் ஒரு மாதத்துக்கு ஆறில் ஒன்று வாய்ப்பு என்று பார்த்தோம். 12 மாதங்களையும் பார்த்துவிட்டுச் சிறந்ததை எடுத்தால்? குறைந்தது ஒரு மாதமாவது 10-க்கு 8 அல்லது மேல் காட்டும் வாய்ப்பு 89 சதவீதம். போக்கே இல்லாத சந்தையிலும் ஒரு "நல்ல மாதம்" ஏறக்குறைய நிச்சயம். 100 பங்குகளுக்கு 12 மாத அட்டவணை போட்டால் 1,200 கட்டங்கள். அதில் தற்செயலாகவே சுமார் 200 கட்டங்கள் பச்சையாக (10-க்கு 8 அல்லது மேல்) இருக்கும். 10-க்கு 10 காட்டும் கட்டங்களே ஏழு வரும். அந்த ஏழைத்தான் எடுத்து நம்மிடம் காட்டுகிறார்கள்.

இதைச் சரி செய்ய ஒரு எளிய வழி குலுக்கல். சூத்திரம் எதையும் நம்ப வேண்டியதில்லை, ஷீட்டே சொல்லிவிடும்.

வருடங்களை வரிசையிலும் மாதங்களைப் பத்தியிலும் வைத்து 20-க்கு 12 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வருடத்தின் 12 எண்களையும் அந்த வருடத்துக்குள்ளேயே கலைத்துப் போடுங்கள். இப்போது மார்ச் என்ற பத்தியில் ஏதோ ஒரு மாதத்தின் எண் இருக்கும். வருடத்துக்குள் மட்டும் கலைப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல வருடம் நல்ல வருடமாகவும் கெட்ட வருடம் கெட்டதாகவும் அப்படியே இருக்கும், நாள்காட்டி மட்டும் அழியும். 12 பத்திகளின் சராசரியையும் எடுத்து, மிகப் பெரியதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை 1,000 முறை செய்யுங்கள். சின்ன மேக்ரோ (ஷீட்டில் ஒரே வேலையைத் தானாகத் திரும்பச் செய்யும் நிரல்) ஒன்று போதும்.

அப்புறம் உண்மையான அட்டவணையின் சிறந்த மாதத்தை எடுத்து, 1,000 குலுக்கலில் எத்தனை முறை அதைவிடப் பெரியது வந்தது என்று எண்ணுங்கள். 300 முறை வந்திருந்தால் உங்கள் மாதத்தில் விசேஷம் எதுவும் இல்லை. 50-க்கும் கீழே என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு: குலுக்கலில் அதே மார்ச் பத்தியை மட்டும் ஒப்பிடுவது. 12-இல் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தவர், குலுக்கலிலும் 12-இல் சிறந்ததோடுதான் மோத வேண்டும். 1-ஆம் படியில் டேட்டா பார்க்காமலே மார்ச் என்று எழுதியிருந்தால் மட்டும் மார்ச்சோடு மார்ச்சை ஒப்பிடும் உரிமை உண்டு. அந்த நோட்டுக்கு மரியாதை கிடைப்பது இங்கேதான். 500 பங்குகளை அலசிய மென்பொருளிலிருந்து வந்த போக்கு என்றால் 500 பங்குகளையும் குலுக்க வேண்டும். அவ்வளவு டேட்டா இல்லை என்றால், அந்தப் போக்கைச் சோதிக்க உங்களிடம் வழி இல்லை என்று எழுதி நிறுத்திவிடுங்கள்.

7. காலத்தைப் பிரியுங்கள்

முதல் 10 வருடத்தில் மட்டும் போக்கைத் தேடுங்கள். கிடைத்ததை எழுதிவிட்டு, அடுத்த 10 வருடத்தைத் திறந்து ஒரே ஒரு முறை பாருங்கள். பொருந்தவில்லை என்று தேதியை மாற்றி மீண்டும் பார்த்தால், இரண்டாவது பாதியும் தேடிய டேட்டாவாகிவிடும். முழு அட்டவணையையும் ஏற்கெனவே பார்த்துவிட்டவருக்கு இந்தச் சோதனை பாதிதான் பயன்படும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரிக்க இன்னொரு நல்ல இடம், போக்கு ஊருக்குத் தெரியவந்த தேதி. ஃபிரெஞ்ச் என்பவர் 1980-இல், 1953 முதல் 1977 வரையிலான அமெரிக்கக் குறியீட்டை எடுத்து, திங்கள்கிழமைகளின் சராசரி வருமானம் எதிர்மறை என்று காட்டினார். பிந்தைய வருடங்களில் பெரிய பங்குகளில் அது தேய்ந்துபோனது. மெக்லீன், பொன்டிஃப் இருவரும் 2016-இல், பங்கு வருமானத்தை முன்கூட்டியே காட்டும் என்று ஆய்வுகளில் வெளியான 97 குறிகாட்டிகளைச் சோதித்தார்கள். நாள்காட்டிப் போக்கு மட்டுமில்லாத கலவை அது. மூல ஆய்வின் காலத்துக்கு வெளியே வருமானம் 26 சதவீதம் குறைந்தது. வெளியான பிறகு 58 சதவீதம் குறைந்தது. அதனால் உங்கள் கணக்கு 0.7 என்று சொன்னால், திட்டம் போடும்போது அதில் பாதிக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்டுச் சந்தைகளையும் பார்க்கலாம், ஆனால் எண்ணும் விதத்தில் கவனம் வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருமானம் அதிகம் என்று பௌமன், யாகோப்சன் 2002-இல் சொன்னது 37 சந்தைகளில் 36-இல் பொருந்தியது. 36 சாட்சிகள் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். உலகச் சந்தைகள் சேர்ந்து ஏறி, சேர்ந்து விழுபவை. ஒரே வீட்டில் இருக்கும் 36 பேரிடம் அதே சம்பவத்தைக் கேட்பது போல அது.

8. செலவைக் கழியுங்கள்

வாங்க, விற்க ஆகும் தரகு, வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி மூன்றையும் கூட்டிக் கழியுங்கள். சிறு பங்குகளில் அந்த இடைவெளி ஒன்றே போக்கை விழுங்கிவிடும். ஜனவரிப் போக்கு வலுவாக இருந்ததும் அப்படிப்பட்ட பங்குகளில்தான். மிச்சத்தை, ஒன்றும் செய்யாமல் குறியீட்டை வருடம் முழுக்க வைத்திருந்தவரின் வருமானத்தோடு ஒப்பிடுங்கள். ஆறு மாதம் வெளியே நிற்பவர் அந்த ஆறு மாத ஏற்றத்தையும் ஈவுத்தொகையையும் இழக்கிறார். அதையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

9. இறங்குவதானால், நிறுத்தும் விதியை முன்பே எழுதுங்கள்

இத்தனையும் தாண்டி வந்த போக்குக்குச் சின்னத் தொகை போடலாம். தொகை எவ்வளவு என்பதைச் சராசரி வருமானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் இருக்கும் மிக மோசமான வருடம் நாளைக்கே வந்தால் தாங்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பணம் போட்ட நாளிலிருந்து நோட்டில் தேதி, விலை, குறியீட்டின் நிலை மூன்றையும் குறித்து வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? "தொடர்ந்து இரண்டு வருடம் நஷ்டம் வந்தால்" என்று எழுதுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் போக்கில் இரண்டு வருடம் எதையும் சொல்லாது. ஐந்து வருடம் காத்திருந்தாலும், 5 சதவீதம் ஆடும் மாதத்தில் சராசரியின் ஆட்டம் 2.2 சதவீதம். லாபமும் அதே அளவுக்குத்தான் பேசும். முதல் வருடம் லாபம் வந்ததும் தொகையை மூன்று மடங்காக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஆதாரமாக இருந்தது ஒரே ஒரு மாதம்.

நான் விதியை லாப நஷ்டத்தில் வைப்பதில்லை, 2-ஆம் படியில் எழுதிய காரணத்தில் வைக்கிறேன். வரி ஆண்டை ஒட்டிய போக்கு என்றால் வரி விதி மாறும் நாளில் நிறுத்தம். குறியீட்டு மாற்றத்தை ஒட்டியது என்றால், மாற்றும் தேதியோ முறையோ மாறும்போது நிறுத்தம். காரணம் என்ற இடம் நோட்டில் காலியாக இருந்தால் இந்த விதியை எழுதவே முடியாது. அப்படி எழுத முடியாமல் போனவற்றில் நான் பணம் போடுவதில்லை, குலுக்கலில் எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தாலும்.